பக்கத்து வீட்டுத் தாத்தா விட்டுச் சென்ற 340 அட்டைகள்

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அந்தத் தெருவுக்கு அவர்கள் குடிவந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் எண்பதை நெருங்கிய ஓர் அமெரிக்கப் பெரியவர், ஜெர்சி சிட்டியில் பிறந்து வளர்ந்தவர். தாயின் மகனுக்கு இப்போது 13 வயது. சனிக்கிழமை காலைகளில் அவன் அந்த வீட்டில்தான் இருப்பான். சாப்பாட்டு மேசையில் பழைய பேஸ்பால் கார்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, எண் வாரியாக அடுக்குவதும் ஆட்டக்காரர்களின் கதை பேசுவதுமாகப் பொழுது போகும். அவரைத் "தாத்தா" என்றுதான் பையன் கூப்பிடுவான். அவரும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார்.

நான்கு மாதங்களுக்கு முன் அவர் காலமானார். உயிலில் ஒரு வரி இருந்தது: 'டாப்ஸ்' என்ற கம்பெனி 1956இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளின், தன்னிடமிருந்த முழு செட்டை, நியூ ஜெர்சியின் மைனர் சொத்து மாற்றச் சட்டப்படி, மகனுக்காகக் 'கஸ்டோடியன்' என்ற முறையில் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். மற்றதெல்லாம் அரிசோனாவில் இருக்கும் தன் ஒரே மகளுக்கு.

அதிலிருந்து தூக்கம் போயிற்று என்கிறார். பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் அட்டை ஒன்று பல மில்லியன் டாலருக்கு விற்றதாகக் கணவர் படித்திருக்கிறார். தங்களிடமும் மேன்டில் இருப்பதால் வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். கார்டு கண்காட்சியில் ஒரு வியாபாரி மொத்தமாக 2,800 டாலர், கையில் ரொக்கம் என்றாராம். பெரியவரின் மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: "இவை என் சின்ன வயதின் பொருட்கள். அப்பா என்னைத் தொட விட்டது கில் ஹாட்ஜஸ் அட்டை ஒன்றைத்தான்." படித்ததும் மனம் கேட்காமல் பாதியைக் கொடுத்துவிடலாமா என்று தாய்க்குத் தோன்றுகிறது. இதற்கிடையில், உயிலை நிறைவேற்றுபவர் 'ரீஃபண்டிங் பாண்ட்' என்று ஒரு பத்திரத்தைக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார். அதில் "திருப்பித் தருவேன்" என்ற வாசகத்தைப் பார்த்துப் பயந்து மேசை டிராயரில் வைத்துவிட்டார். கணவரோ, பட்டியல் அட்டைகளில் இருக்கும் பென்சில் கோடுகளை அழித்து, எல்லா அட்டைகளையும், நிலையைப் பார்த்து 10க்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் தரச் சான்றுக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார்.

"இதுல எது நியாயம், எது சட்டம்னு பிரிச்சுச் சொல்லுங்க சார்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வக்கீலாக, இரண்டாம் முறை சும்மா. அந்தச் சனிக்கிழமை மேசையை இவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கும் நீங்கள் ஓரிடத்தில் மட்டும் தவறியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்க "எங்களுக்குக் கிடைத்த கார்டுகள்" என்றே வருகிறது. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அந்த "எங்களுக்கு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பத்திரத்தில் உங்கள் பெயர், பொருள் மகனுடையது

உயிலில் உங்கள் பெயர் இருப்பதால் செட் உங்களுடையது என்று நினைத்துவிட்டீர்கள். 'கஸ்டோடியன்' என்ற சொல் அதை மாற்றிவிடுகிறது. ஊரில் மைனர் சொத்துக்குக் கார்டியன் என்பார்களே, ஏறக்குறைய அந்த நிலை. அட்டைகள் உங்கள் கைக்கு வரும். ஆனால் வந்த நிமிடத்திலிருந்தே அவை உங்கள் மகனின் சொத்து. அவனுக்கு 21 வயதாகும்போது அவன் கையில் ஒப்படைக்க வேண்டும்.

அதுவரை பாதுகாக்கலாம். அவனுடைய நன்மைக்கு அதுதான் நல்லது என்று யோசித்து முடிவெடுத்தால் விற்கவும் செய்யலாம். விற்ற பணம் அவன் பெயரில், உங்களைக் கஸ்டோடியனாகக் காட்டும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கோ, கார் தவணைக்கோ, எல்லோருமாக ஊருக்குப் போய்வரும் டிக்கெட்டுக்கோ அதிலிருந்து ஒரு டாலர் எடுக்கக் கூடாது. "பிள்ளைக்காகத்தானே வீடு" என்ற வாதம் வீட்டில் செல்லும், நீதிமன்றத்தில் செல்லாது. குடும்பப் பொருட்களோடு கலக்காமல், இது இன்னாருடையது என்று தெரியும்படி வைக்க வேண்டும். கணக்கும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்க உங்கள் மகனுக்கு உரிமை உண்டு.

கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேத்திக்காகப் பாட்டி விட்டுப்போன பணத்தை, நல்ல எண்ணத்தோடுதான், வீட்டைப் பெரிதாக்கச் செலவழித்த ஒரு தகப்பனாரின் வழக்கைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் 22 வயதில் "என் பணம் எங்கே அப்பா" என்று கேட்டாள். பணத்தை எப்படியோ புரட்டிக் கொடுத்தார். பேச்சுவார்த்தை மட்டும் பழையபடி ஆகவில்லை.

அதே சட்டத்தில் உங்களுக்கு நிம்மதி தரும் ஒன்றும் உண்டு. கைக்கு வந்த பொருளை வந்தபடியே கஸ்டோடியன் வைத்துக்கொள்ளலாம். விற்று வங்கியில் போட்டால்தான் பொறுப்பான தாய் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

அந்த மில்லியன் எந்த அட்டைக்கு?

உங்கள் கணவர் படித்த செய்தி உண்மை. 2022 ஆகஸ்டில் ஒரு மிக்கி மேன்டில் அட்டை ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் அது 1952ஆம் வருட டாப்ஸ் செட்டின் 311ஆம் எண் அட்டை. 407 அட்டைகள் கொண்ட அந்தச் செட்டின் கடைசித் தொகுதி 311இல்தான் தொடங்குகிறது. சீசன் முடியப்போகும் நேரத்தில் கடைக்கு வந்ததால் அது சரியாக விற்கவில்லை. மிஞ்சிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டியதாக, அந்தச் செட்டை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னார். போதாததற்கு, ஏலம் போன அட்டை 10க்கு 9.5 தரம் பெற்றது. எழுபது வருடம் மூலை மழுங்காமல் இருந்த அட்டை.

உங்கள் மகனிடம் இருப்பது 1956, எண் 135. முகம் ஒன்றுதான், விலை வேறு உலகம். அதற்காகச் சாதாரண அட்டை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அட்டை கடைக்கு வந்த அதே சீசனில் மேன்டில் .353 பேட்டிங் சராசரி, 52 ஹோம் ரன், அடித்துக் கொடுத்த ரன் 130 என்று மூன்றிலும் முதலிடம் பிடித்து 'டிரிபிள் கிரௌன்' வாங்கினார். நடுத்தர நிலையில் இருந்தாலும் அந்த ஓர் அட்டையே ஆயிரம் டாலரைத் தாண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு வியாபாரி சொன்ன 2,800ஐ இன்னொரு முறை பாருங்கள். 340 அட்டைக்கும் சேர்த்துச் சொன்ன விலை அது.

1956 செட்டைச் சேகரிப்பவர்கள் ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு அட்டையை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். படுக்கைவாட்டில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் ஆட்டக்காரரின் பெரிய முகம், பின்னால் அவர் ஓடுவதோ பாய்ந்து பிடிப்பதோ ஒரு காட்சி, மேலே அவருடைய கையெழுத்தின் நகல். திருப்பினால் மூன்று கட்டங்களில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் கேலிச்சித்திரங்கள். முகங்களில் பல, முந்திய இரண்டு வருட அட்டைகளில் வந்தவையே. அன்றைய பையன்களுக்குத் தெரிந்த முகங்கள். அளவு 2⅝க்கு 3¾ அங்குலம். மறு வருடமே டாப்ஸ் அட்டையைச் சிறிதாக்கிவிட்டது. ஆகவே பெரிய அட்டைகளில் இதுவே கடைசி. போட்டிக் கம்பெனியான போமனை டாப்ஸ் வாங்கிப்போட்டதும் 1956 தொடக்கத்தில்தான். அதனால் அந்த வருடம் கடையில் வேறு கம்பெனியின் அட்டைக்கு இடமே இல்லை.

30ஆம் எண்ணை எடுங்கள். ஜாக்கி ராபின்சன். வெள்ளையர் மட்டுமே ஆடிய மேஜர் லீகில் 1947இல் அந்தத் தடையை உடைத்து உள்ளே வந்தவர். 1956 சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டதால், ஆடும் காலத்தில் டாப்ஸ் வெளியிட்ட அவருடைய கடைசி அட்டை இதுதான். அடுத்த எண் 31 ஹேங்க் ஆரன். மகனிடம் பூதக்கண்ணாடி கொடுத்து அதன் பின்னணிக் காட்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். சறுக்கிக்கொண்டு ஹோம் பிளேட்டுக்கு வருபவர் ஆரன் இல்லை, வில்லி மேஸ். வேறொருவர் படத்துக்கு வண்ணம் தீட்டி ஆரனாக்கிவிட்டார்கள். 33இல் ரொபர்ட்டோ கிளெமென்டே. மறு வருடத்திலிருந்து டாப்ஸ் அவர் பெயரை 'பாப்' என்று மாற்றி அச்சிட்டது, இதில் சொந்தப் பெயரோடு இருக்கிறார். பின்னே, பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை 1955இல் வென்ற புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் குழுப் படம். புரூக்ளினில் இருந்த காலத்தில் அவர்கள் வென்ற ஒரே உலகத் தொடர் அது. 1957 முடிந்ததும் அணி லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. 1960இல் அவர்கள் ஆடிய எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்தையே இடித்துவிட்டார்கள். அந்த அட்டைகளில் மட்டும் அவர்கள் இன்னும் புரூக்ளின்காரர்கள்.

தாத்தா ஏன் இதை "ஜெர்சி சிட்டி செட்" என்று சொல்வார் என்று உங்கள் மகன் கேட்டானாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1956இல் டாட்ஜர்ஸ் தங்கள் சொந்த மண் ஆட்டங்களில் ஏழு ஆட்டங்களை ஜெர்சி சிட்டியின் ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில் ஆடினார்கள். ராபின்சன் 1946 ஏப்ரல் 18 அன்று டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மான்ட்ரியாலுக்காகத் தன் முதல் ஆட்டத்தை ஆடியதும் அதே ஸ்டேடியத்தில்தான். ஐந்து முறை அடிக்க வந்து நான்கு ஹிட், அதில் ஒன்று ஹோம் ரன். அந்த ஊர்ப் பையன் ஒருவனுக்கு 1956இல் இந்த அட்டைகள் என்னவாக இருந்திருக்கும் என்பதை உங்கள் மகனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவன்தான் அவரோடு உட்கார்ந்திருந்தவன்.

விலை எங்கே இருக்கிறது

பழசு என்பதால் மட்டும் விலை வராது. அன்றைக்கு இவை பபிள்கம்மோடு வந்த, சில்லறைக் காசுக்கு வாங்கிய விளையாட்டுச் சாமான். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள், விளிம்பில் பள்ளம் விழுந்தது. துணிக் கிளிப்பால் சைக்கிள் சக்கரக் கம்பியில் மாட்டினார்கள், மோட்டார் போலச் சத்தம் வரும் என்று. மெழுகுத் தாள் உறையின் கறையும் கம்மின் கறையும் பின்பக்கத்தில் ஒட்டின. கல்லூரிக்குப் போன மகனின் பெட்டியை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். இத்தனையும் தப்பிவந்த அட்டையின் மூலை இன்னும் கூர்மையாக இருந்தால் அதற்குத்தான் பெரிய விலை. உங்கள் மகனுடையவை "மூலையெல்லாம் மெத்தென்று இருக்கிறது, ஆனால் கிழிசல் இல்லை, மடிப்பு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கைபட்ட, ஆனால் மரியாதையாக வைத்திருந்த செட். இப்படிப்பட்ட முழு செட்டுக்குச் சில ஆயிரம் டாலர்கள் என்ற கணக்கில் மதிப்பு வரும். வீட்டுக் கடனை அடைக்காது. கல்லூரியின் ஒரு பருவக் கட்டணத்துக்குக் கைகொடுக்கலாம்.

அந்தச் சில ஆயிரத்தில் பெரும் பங்கு மேன்டில், ராபின்சன், கிளெமென்டே, மேஸ், ஆரன், டெட் வில்லியம்ஸ், சாண்டி கோஃபாக்ஸ் என்று பத்துப் பன்னிரண்டு அட்டைகளில் அடங்கிவிடும். மற்றவற்றில் பல ஒவ்வொன்றும் சில டாலர் பெறும். இதனால்தான் "நல்லது நாலை மட்டும் கொடுங்க" என்று ஒருவர் வருவார். அடிக்கரும்பை வெட்டிக்கொண்டு தோகையை உங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போகிற வேலை அது. மிச்சம் 330 அட்டைகளை விற்க நீங்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். என்றாவது விற்பதாக இருந்தால் முழுசாக விற்பதையே நான் சொல்வேன். தனித்தனியாக விற்றால் கூட்டுத்தொகை கொஞ்சம் கூடலாம்தான். ஆனால் முழு செட் சிதறிவிட்டால், மறுபடி அதைச் சேர்க்க இன்னொருவர் ஆயுளில் பாதி ஆகும். இது என் அபிப்பிராயம், சட்டம் இல்லை.

மதிப்புப் போடும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை ஆசை. விற்று முடிந்த விலைதான் சந்தை. இரண்டாவது, மதிப்பு சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வாங்கும் எண்ணம் இல்லாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம், பெரியவர் இறந்த தேதியில் என்ன மதிப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதி ஏன் முக்கியம் என்று வரியைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ரப்பரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்

உங்கள் கணவரிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள். எண்கள் அச்சான 340 அட்டைகளோடு, எந்தெந்த எண் கைக்கு வந்தது என்று பையன்கள் குறித்துக்கொள்ள இரண்டு பட்டியல் அட்டைகளையும் டாப்ஸ் அந்த வருடம் விட்டது. பையன்கள் சொன்னபடியே குறித்துக்கொண்டார்கள். அதனால்தான் குறியில்லாத பட்டியல் அட்டை இன்றைக்கு அரிது. பென்சில் குறி தரத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் அழித்தால் தாளின் மேல்பூச்சு தேயும். தரம் பார்ப்பவர்கள் விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். "மாற்றப்பட்டது" என்ற முத்திரை விழுந்தால் பென்சில் குறியைவிட நஷ்டம் அதிகம். அதை மறைத்து விற்றால் மோசடி. விளிம்பை நேராக்குவதும் அப்படியே. பல மில்லியன் டாலர் பெற்ற ஹோனஸ் வாக்னர் அட்டையின் ஓரத்தைத் தான் வெட்டியதை ஓர் ஏலக்காரர் 2013இல் மோசடி வழக்கொன்றில் ஒப்புக்கொண்டார், சிறைக்கும் போனார்.

எல்லா அட்டைகளையும் தரச் சான்றுக்கு அனுப்புவதும் வீண். அட்டைக்கு 20 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 342 அட்டைக்கு 6,840 டாலர். செட்டின் மதிப்பையே அது விழுங்கிவிடலாம். விற்பதாக இருந்தால் விலை அதிகமான பத்தை மட்டும் அனுப்பினால் போதும். வைத்துக்கொள்வதாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

பத்திரப்படுத்த ஒரு குறிப்பு. கடையில் கிடைக்கும் ஒன்பது பை வைத்த பிளாஸ்டிக் தாளில் இவை நுழையாது. அது 1957இலிருந்து வந்த சிறிய அளவுக்கு. அழுத்திச் செருகினால் மூலை போகும். எட்டுப் பை உள்ள தாள் கேளுங்கள், பி.வி.சி. வாடை அடிப்பதை வாங்காதீர்கள். பரண் வேண்டாம், பேஸ்மென்ட் வேண்டாம். நியூ ஜெர்சி கோடைக்கால ஈரம் அட்டையை வளைத்துவிடும். நீங்கள் தூங்கும் அறையின் அலமாரியே நல்லது. முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டு இன்சூரன்ஸ்காரரிடம் சேகரிப்புப் பொருளுக்கு என்ன உச்ச வரம்பு என்று கேளுங்கள். பல பாலிசிகளில் தனியாகச் சேர்த்தால்தான் முழு மதிப்பு கிடைக்கும்.

கையெழுத்தும் வரியும்

டிராயரில் இருக்கும் பத்திரத்தை வெளியே எடுங்கள். நியூ ஜெர்சியில் உயில் வழியாகப் பொருள் பெறுகிற எல்லோரிடமும் வழக்கமாக வாங்குவதுதான் ரீஃபண்டிங் பாண்ட். இறந்தவருக்குக் கடன் ஏதாவது பின்னால் தெரியவந்து, மிச்சச் சொத்து அதற்குப் போதவில்லை என்றால், வாங்கியதில் உரிய பங்கைத் திருப்பித் தருவேன் என்பதே அதன் சாரம். உங்கள் வீட்டை யாரும் எழுதி வாங்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் பெயருக்குக் கீழே 'மகனுக்காகக் கஸ்டோடியன்' என்ற வாசகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

வரியே இல்லை என்று யாரோ உங்களிடம் சொன்னது தவறு. இறந்தவரின் மொத்தச் சொத்துக்குப் போடும் ஃபெடரல் எஸ்டேட் வரி இந்த அளவுக்கு எட்டாது, சரி. நியூ ஜெர்சி தன் எஸ்டேட் வரியை 2018இலிருந்து எடுத்துவிட்டது, அதுவும் சரி. ஆனால் பெறுபவரின் உறவைப் பார்த்துப் போடும் வாரிசு வரி என்று தனியாக ஒன்று இன்னும் இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு அது கிடையாது. இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு 15 சதவீதம். 500 டாலருக்குக் குறைந்தால்தான் விலக்கு. இறந்த தேதியில் செட்டின் மதிப்பு 8,000 டாலர் என்று வந்தால் வரி 1,200. இறந்த எட்டு மாதத்துக்குள் கட்ட வேண்டும். உங்களுக்குப் பாதி நேரம் போய்விட்டது. மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதே மதிப்பு பின்னாளில் உதவியும் செய்யும். மகன் பிற்காலத்தில் விற்றால், இறந்த தேதி மதிப்பே அவன் 'வாங்கிய விலை'யாகக் கணக்காகும். அதற்கு மேல் வந்த லாபத்துக்கு மட்டுமே ஃபெடரல் வரி. சேகரிப்புப் பொருளின் நீண்ட கால லாபத்துக்கு அது அதிகபட்சம் 28 சதவீதம்.

அரிசோனாவில் இருக்கும் மகள்

கடைசிக்கு வைத்தேன், இதுதான் உங்களை உண்மையில் உறுத்துவது என்று தெரிந்ததால்.

"சொந்த மகள் இருக்கும்போது ஊரார் பிள்ளைக்கு எழுதியது செல்லுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லும். வயது வந்த பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு என்று நியூ ஜெர்சிச் சட்டத்தில் இல்லை. நம் ஊரிலும் பெரும்பாலோர் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கும் உயில் எழுதலாம். உயிலே செல்லாது என்று அவர் வழக்குப் போடலாம். வெளி மாநிலத்தவர் என்பதால் உயில் பதிவான நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதற்குப் பெரியவர் சுயநினைவில் இல்லை என்றோ, யாரோ வற்புறுத்தி எழுத வைத்தார் என்றோ காட்ட வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் அவர் தனியாகப் போய் எழுதியதாகச் சொல்கிறீர்கள். அந்த மின்னஞ்சலிலும் வழக்கின் வாடை எனக்கு அடிக்கவில்லை. அப்பாவை இழந்த ஒருவரின் குரலாகத்தான் கேட்டது.

இருந்தாலும் பாதியைக் கொடுக்க உங்களால் முடியாது. உங்கள் மனசு பெரியது. ஆனால் பொருள் மகனுடையது, கஸ்டோடியன் மைனரின் சொத்தைத் தானம் செய்ய முடியாது. அவன் "கொடுத்துடுங்கம்மா" என்றாலும் 21 வயது வரை அந்தச் சொல்லுக்குச் சட்ட பலம் இல்லை. தவிர, 170 அட்டை அங்கே 170 அட்டை இங்கே என்று பிரித்தால் இரண்டு வீட்டிலும் செட் இருக்காது.

நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, அந்த வாரிசு வரி. எல்லா வரிகளையும் மிச்சச் சொத்திலிருந்து கட்ட வேண்டும் என்று பல உயில்களில் ஒரு வாசகம் இருக்கும். இந்த உயிலிலும் இருந்தால், உங்கள் மகன் பெற்றதற்கான வரியை அந்த மகள் தன் பங்கிலிருந்து கட்டுகிறார் என்று பொருள். அதை அவர் கவனித்திருக்க மாட்டார். நீங்கள் கவனித்து, "இது எங்கள் பிள்ளைக்கு வந்தது, இதன் வரியை நாங்கள் கட்டுகிறோம்" என்று உங்கள் சொந்தப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். தாராளமாக இருக்க உங்களுக்கு முழு உரிமை உள்ள இடம் அது.

இன்னொன்று, அந்தப் பழுப்பு உறை. செட் இருக்கும் பைண்டரோடு, இரட்டையாக வந்த 31 அட்டைகள் தனி உறையில் இருந்தன என்று பட்டியலோடு அனுப்பியிருக்கிறீர்கள். உயில் சொல்வது "முழு செட்"டை. இரட்டைகள் செட்டில் சேராது என்பது என் வாசிப்பு. அப்படியானால் அவை மிச்சச் சொத்து, அதாவது மகளுடையவை. முதல் 180 எண்கள் சாம்பல் நிறப் பின்புறம், வெள்ளைப் பின்புறம் என்று இருவகையாகவும் அச்சானவை. ஆகவே சில இரட்டைகளை அவர் வேண்டுமென்றே இருவகையாகச் சேர்த்திருக்கலாம். நீங்களாக எதையும் பிரிக்காதீர்கள். உறையை உயில் நிறைவேற்றுபவரிடம் அப்படியே கொடுத்து, அவரை எழுத்தில் முடிவு சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மகளை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் மகனை எண்களைப் படிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுங்கள்.

நீங்கள் அனுப்பிய இரட்டைகளின் பட்டியலில் ஏழாவது வரியைப் பாருங்கள். 1955 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் எடுத்த இரண்டு ரன்னையும் அடித்துக் கொடுத்தவர். உங்கள் மகன் தன் கையெழுத்தில், எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறான்: கில் ஹாட்ஜஸ், டாட்ஜர்ஸ், ஒரு மூலை மடங்கியது.